நம் வீட்டொளியும் காங்கோவின் இருளும்

கதிரவன் ஒளியை எவரும் விலைக்கு வாங்க வேண்டுவதில்லை. ஆனால், பகலில் பெற்ற அவ்வொளியை இரவுக்குச் சேர்த்து வைக்கும் மின்கலத்திற்கு விலை உண்டு. அவ்விலையை நாம் மட்டுமே கொடுக்கின்றோமா, நமக்காக வேறெவரேனும் கொடுக்கின்றனரா என்பதே ஈண்டு எழுப்பத்தக்க வினா.

வீட்டிற்கென விற்கப்பெறும் இலித்திய மின்கலங்கள் பெரும்பாலும் இருவகையின. ஒன்று, நிக்கலும் மங்கனீசும் கோபால்ட்டும் கலந்தது. மற்றொன்று, இரும்புப் பாசுபேட்டால் ஆயது. உலகில் தோண்டப்பெறும் கோபால்ட்டில் ஏறத்தாழ 70 விழுக்காடு காங்கோ மக்களாட்சிக் குடியரசினின்று வருகின்றது. அங்கே கொல்வேசி நகரைச் சூழ்ந்த குழிகளில், கையுறையும் முகமூடியும் இன்றி எளிய மக்கள் கையாலேயே தோண்டுகின்றனர். அவருள் சிறுவரும் உளர் என்பதைப் பன்னாட்டு மன்னிப்பு அவை 2016-இல் உலகறிய எடுத்துரைத்தது. 1885 முதல் 1908 வரை, பெல்சிய மன்னன் இரண்டாம் இலியோபோல்டின் கொடுங்கோலின்கீழ், இரப்பருக்காக அம்மக்களின் கைகள் வெட்டப்பெற்றன. பண்டம் மாறிற்று, பறிகொடுப்போர் மாறினரா?

கோபால்ட்டுக் கலத்தின் சிறப்புத்தான் யாது? குறைந்த எடையில் மிகுந்த ஆற்றல் என்பதே. ஓடும் வண்டிக்கு அது பயன்படும். சுவரோரம் அசையாதிருக்கும் பெட்டிக்கு எடை கூடினால் என்ன, குறைந்தால் என்ன? 1990-களில் டெக்சாசுப் பல்கலைக்கழகத்தில் குட்டினப்பு குழுவினர் கண்ட இரும்புப் பாசுபேட்டுக் கலத்தில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. அது சூட்டை நன்கு தாங்கும். ஆயிரக்கணக்கான முறை மின்னேற்றி இறக்கலாம். தேவையே இல்லாத ஒன்றிற்காக ஒரு சிறுவன் குழிக்குள் இறங்குவதை எவ்வறம் ஒப்பும்?

இத்துடன் நம் கடன் தீர்ந்ததென எண்ணற்க. இலித்தியத்திற்காகச் சிலி நாட்டு அட்டகாமா உப்புநிலத்தில் உவர்நீர் இறைக்கப்பெறுகின்றது. தம் நீர்வளம் குன்றுமென அந்நிலத்தின் தொல்குடிகள் முறையிடுகின்றனர். நமக்குப் பழகிய ஈயக் கலமோ உருக்கி மீண்டும் பயன்கொள்ளத் தக்கது. எனினும், காப்பின்றித் திறந்தவெளியில் உருக்கினால் குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது. உலகக் குழந்தைகளுள் மூவரில் ஒருவர் வரை குருதியில் ஈயம் மிகுந்துள்ளனர் என 2020-இல் யூனிசெப்பு கூறிற்று. இவ்வுருக்கல் அதன் முதன்மைக் கரணியங்களுள் ஒன்று.

எனவே, மின்கலம் வாங்குவோர் விலையை மட்டும் கேளாது, உள்ளிருப்பது யாதென்றும் எங்கிருந்து வந்ததென்றும் கேட்க வேண்டும். பழுதுற்றதைத் தெருவில் எடைக்குப் போடலாகாது. ஆக்கியோரே அதனைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் வகுத்துள்ளன. அதனை வலியுறுத்திப் பெறுக.

பிறர் மண்ணைச் சுரண்டுவதும் சுரண்டலே. நம் வீட்டு விளக்கு, எவர் வீட்டு விளக்கையும் அணைத்து எரிதல் வேண்டா!