கடலுக்கு அப்பால் ஒரு பிரதி

2004 டிசம்பர் 26ஆம் திகதி கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய கரையூர்களில் புகுந்த ஆழிப்பேரலை உயிர்களோடும் உடைமைகளோடும் காணி உறுதிகளையும் சான்றிதழ்களையும் வாரிச் சென்றதை அறிந்திருந்தும், பாலமுனையில் வாழும் நாம், பள்ளிவாசற் பதிவேடுகளும் முன்னோரின் கையெழுத்துப் பிரதிகளும் அலுமாரியில் பத்திரமாயுள்ளன என்று திருப்தியடைவது விசித்திரமே. ஸ்கேன் செய்து கணினியில் இட்டால் போதும் என்பாரும் உளர். அக்கணினியும் இதே கரையில்தானே இருக்கிறது! தூரதேசத்துச் சேவையகமொன்றில் ஒரு பிரதி இருத்தல் அவசியம்.

அவ்விதம் கோப்புகளை அனுப்புதற்குரிய எஃப்.டி.பி. விதிகளை 1971 ஏப்ரலில் முதன்முதல் வகுத்தவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குச் சென்ற அபய் பூஷண். பரஸ்பர விசுவாசம் மிகுந்த அக்காலத்து ஏற்பாடாதலின், கடவுச்சொல்லையுங்கூட அது தபாலட்டையைப் போலத் திறந்தே அனுப்பும். ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கடவுச்சொற் களவொன்று நிகழ்ந்ததன் பயனாக 1995இல் டாட்டு யுலோனென் எஸ்.எஸ்.எச். என்னும் மறையாக்க முறையை இயற்றிய பின்னர், அதன்வழிச் செல்லும் எஸ்.எஃப்.டி.பி. கைக்கெட்டியிருக்க, இன்னும் பழையதையே அனுசரிப்பது அசிரத்தையன்றி வேறில்லை. இணைய வேகம் போதாதென்ற ஆட்சேபமும் பெரிதன்று. 1996இல் வெளிவந்த ஆர்சிங்க் என்னும் மென்பொருள், மாறிய பகுதிகளை மாத்திரமே அனுப்பும்.

பொதுவான ஏடுகளை, 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேகரித்துவரும் நூலகம் எண்ணிம நூலகத்திடம் ஒப்படைக்கலாம். குடும்பங்களின் அந்தரங்கப் பத்திரங்களோ பூட்டிய தனியிடத்துக்கே போகவேண்டும். ஒலுவிலில், நம் வாசலருகே, தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் மாணாக்கரைப் பள்ளிவாசல் நிருவாகிகள் அழைப்பார்களாயின், இவ்வேலையை ஒரு விடுமுறைக் காலத்திலேயே ஆரம்பித்துவிடலாம்.