எடைக்கல்லுக்கு இரையாகலாமா ஏடுகள்?

உத்தனப்பள்ளியிலே ஓர் ஒற்றையறை வீடு. தலைவர் ஒசூர் ஆலைக்குச் சென்று உழைப்பவர். பரணிலே புத்தகம், கட்டிலுக்கடியிலே புத்தகம், பாய் விரிக்க மட்டும் இடமில்லை! "புத்தகம் படுத்திருந்தால் பிள்ளைகள் எங்கே படுப்பது?" என்று துணைவியார் கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

பழைய பேப்பர்க்காரர் வருகிறார், தராசைத் தூக்குகிறார். கையேட்டுக்கும் ஒரே விலை, காவியத்துக்கும் ஒரே விலை! அவரை நோவானேன்? எதைக் கொடுப்பது, எதைக் காப்பது என்று பிரித்தறிய வேண்டியவர்கள் நாமல்லவா?

செட்டிநாட்டுக் கோட்டையூரிலே ரோஜா முத்தையா என்றொருவர் வாழ்ந்தார். கோடீசுவரர் அல்லர், பெயர்ப்பலகை எழுதிய ஓவியர். நூலோடு நாடக நோட்டீசு, சினிமாப் பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று ஊரார் கழித்ததையெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபோது இருந்தவை ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள்! சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை விலைகொடுத்து வாங்கிற்று. கடல் கடந்து போகவில்லை. சென்னையிலேயே 1994-இல் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. நாம் குப்பை என்றோம்; உலகம் கருவூலம் என்றது!

அதற்காக அத்தனையையும் வீட்டிலே பூட்டி வை என்கிறேனா? இல்லை. நூல்கள் பயன்படுத்தவே என்று 1931-லேயே விதி வகுத்தவர் நம் சீர்காழி தந்த இரங்கநாதன். பூட்டிய நூலும் புதைத்த பொன்னும் ஒன்றுதான்.

ஆகவே, மூன்றாகப் பிரியுங்கள். மீண்டும் படிப்பவை ஓர் அலமாரியில் நிற்கட்டும். படித்து முடித்த நல்ல நூல்கள் படிப்பகத்துக்கும் கிளை நூலகத்துக்கும் போகட்டும். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அது நம் சொத்து, குப்பைத் தொட்டியன்று! எது தேவை என்று நூலகரைக் கேட்டுக் கொடுங்கள். இது எல்லைப்புறம், தெலுங்கு நூலுக்கும் கன்னட நூலுக்கும் இங்கே வாசகர் உண்டு. காலங்கடந்த தேர்வுக் கையேடுகளைத் தராசிலே போடுங்கள், தவறில்லை.

ஆனால் போடுமுன் ஒருமுறை புரட்டுங்கள்! சங்கத்தின் பழைய துண்டறிக்கை, மாநாட்டு மலர், நின்றுபோன இதழ் இவை ஒளிந்திருக்கும். முதலாளியின் கணக்கேடு இரும்புப் பெட்டியிலே பத்திரமாக இருக்கிறது. தொழிலாளி அடித்த வேலைநிறுத்தத் துண்டறிக்கை எங்கே இருக்கிறது? உங்கள் பரணிலேதான்! அதுவும் பொட்டலம் கட்டப் போய்விட்டால், நாளை நம் வரலாற்றை எழுத வருபவன் எதைப் பார்த்து எழுதுவான்? முதலாளியின் கணக்கேட்டைத்தானே?

அத்தகைய தாள்களைத் தனியே கட்டுங்கள். ஆண்டையும் ஊரையும் எழுதி வையுங்கள். ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பரணிலே ஏறுங்கள், தோழர்களே! பிள்ளைகளுக்குப் படுக்க இடம் கிடைக்கும். நூல்களுக்குப் படிக்க ஆள் கிடைக்கும். நமக்கோ, நம் வரலாறு மிஞ்சும்!