ரோஸ் மூக்கு மோகம்

பால்வெள்ளைத் தோல், ரோஸ் மூக்கு. இரண்டும் இருந்தால்தான் அசல் இராஜபாளையம் நாய் என்று எங்கள் ஆயக்குடி டீக்கடைகளில் சத்தியம் செய்கிறார்கள். உடம்பில் எங்காவது ஒரு செவலைத் திட்டு தெரிந்தால் போதும், கலப்படம் என்று தீர்ப்பு. மாடு வாங்கப் போனால் மடியைத் தொட்டுப் பார்க்கிறோம், பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். நாய்க்கு மட்டும் நிறம் போதுமாம்.

நானும் அப்படி ஏமாந்தவன்தான். கொய்யாத் தோட்டக் காவலுக்கு என்று ஒரு வெள்ளைக் கடுவன் குட்டி வாங்கினேன். கூடப் பிறந்த குட்டிகள் ஓடினால் ஓடியது, நின்றால் நின்றது. ஒரு குறையும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அது தூங்கிக்கொண்டிருந்தபோது அம்மா கையிலிருந்து எவர்சில்வர் தட்டு நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. தொழுவத்தில் மாடு திரும்பிப் பார்த்தது. குட்டியின் காதுமடல்கூட அசையவில்லை. பக்கத்தில் போய்க் காலால் தரையை உதைத்ததும் திடுக்கிட்டு எழுந்தது. அதிர்வு தெரிகிறது, சத்தம் தெரியவில்லை. விற்றவரிடம் கேட்டேன். “வெள்ளையில ஒண்ணு ரெண்டு அப்படித்தாண்ணே வரும். மூக்கைப் பாருங்க, சுத்த ரோஸு” என்றார்.

தானாக வருவதில்லை, நாம் வரவழைக்கிறோம். தோலுக்கு நிறம் தருகிற அதே வகைச் செல்கள் உள்காதிலும் இருந்தாக வேண்டும். அங்கே அவை இல்லாமல் போனால், ஒலியை வாங்கும் நுண்ணிய மயிர்ச்செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே செத்துவிடும். டால்மேஷியனிலும் வெள்ளை புல் டெரியரிலும் இதே கதைதான். எல்லா வெள்ளை நாயும் செவிடில்லை. ஆனால் திட்டு விழுந்த குட்டிகளை ஒதுக்கிவிட்டு வெள்ளைக்கு வெள்ளையே சேர்த்துக்கொண்டு போனால் (தகப்பனையே மகளோடு சேர்ப்பவர்களும் உண்டு) வேறென்ன விளையும்?

“ஷோவில் கப் வாங்கின லைன்” என்பது அடுத்த வாதம். கப்பின் பூர்வீகத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். முதல் நாய்க் கண்காட்சி என்று சொல்லப்படுவது 1859இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்தது. பாயிண்டர், செட்டர் என்ற இரண்டு வேட்டைத் துணை நாய்களுக்கு மட்டும். கௌதாரி வாசம் பட்டதும் முன்னங்காலைத் தூக்கியபடி சிலையாக நின்று துப்பாக்கிக்காரருக்குத் திசை காட்டுவது பாயிண்டரின் தொழில். மண்டபத்துக்குள் கௌதாரி ஏது? தோற்றத்துக்குத்தான் பரிசு. பாயிண்டரில் ஜெயித்த நாய் செட்டர் நடுவருடையது. செட்டரில் ஜெயித்தது பாயிண்டர் நடுவருடையது! ஆறே வருஷத்தில், 1865இல், நாய்களை வயலில் இறக்கிச் சோதிக்கும் போட்டியையும் அவர்களே தொடங்கிவிட்டார்கள். இன்றைக்கும் பிரிட்டனில் பாயிண்டர் மேடையில் மட்டும் ஜெயித்தால் ‘ஷோ சாம்பியன்’தான். வெறும் ‘சாம்பியன்’ பட்டத்துக்கு வேலையிலும் தேறிக் காட்ட வேண்டும். நாம் மேடையை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

கண்காட்சிகளால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். தெருவில் கல்லடி பட்ட கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை நாய்களுக்கெல்லாம் ஒரு மரியாதை வந்தது. இராஜபாளையத்துக்கு 2005இல் தபால்தலை. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலிப் பேச்சிலும் அதன் பெயர். வம்சாவளிப் ‘பேப்பர்’ தாய் தகப்பனைச் சொல்லும், அதுவும் வேண்டியதுதான். காது கேட்குமா, ராத்திரி வேலியோரம் சருகு சரசரத்தால் எழுந்திருக்குமா என்பதை அது சொல்லாது. வேட்டைதான் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு போயிற்றே, இனி நாய்க்கு என்ன வேலை என்கிறார்கள். காவல் வேலை அப்படியேதான் இருக்கிறது. அதற்கு மூக்கின் நிறம் எதற்கு? ஆறு வாரக் குட்டியைத் தனியாக ஓர் அறையில் விட்டு, அது பாராதபடி பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். காசு செலவில்லை.

எங்கள் தோட்டத்துக்கு இப்போது காவல், பழனி ரோட்டில் பொறுக்கி வந்த ஒரு செவலைப் பொட்டை. வரதமாநதிப் பக்கமிருந்து பன்றி இறங்கினால் ஊரைக் கூட்டிவிடும். வெள்ளையன் ஹாரன் கேட்காமல் வண்டியில் அடிபட்டுவிடக் கூடாதே என்று வீட்டோடு வைத்திருக்கிறோம். போன மாதம் இரண்டு பேர் வந்து, தங்கள் பொட்டையோடு சேர்க்க அவனைக் கேட்டார்கள். காது கேட்காது என்றேன். ஒருவர் எழுந்து போய்விட்டார். மற்றவர் இன்னும் போன் செய்துகொண்டிருக்கிறார்.