ரிஜிஸ்டர்களின் நாமபேதம்

கணினியின் செயலிக்குள்ளே, கணக்கு நடைபெறும் க்ஷணத்தில் தேவைப்படும் மதிப்புகளை வைத்துக்கொள்வதற்கென்று அமைந்த மிகச் சிறிய சேமிப்பிடங்களை ரிஜிஸ்டர்கள் என்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நடுவே நிறுத்தி, அவற்றில் இருப்பது இன்னதென்று பார்க்கவும், வேண்டுமாயின் மாற்றவும் உதவும் கருவிக்கு டிபக்கர் என்று பெயர். ஒரே ரிஜிஸ்டருக்கு வழங்கும் நாமங்கள் அனைத்தையும் அக்கருவி அறிந்திருக்க வேண்டும் என்பதும், அறியாத நாமம் வந்தால் அறியேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பதுமே நான் இங்கு வற்புறுத்த விரும்பும் விஷயம்.

ரிஜிஸ்டர்களுக்குப் பல நாமங்கள் ஏற்பட்டது காரணமின்றி அன்று. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தோன்றியதும், சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ செயலிகளுக்கு ஆதாரமாக விளங்குவதுமான ரிஸ்க்-ஃபைவ் அமைப்பில், முழு எண்களுக்கென்று 32 ரிஜிஸ்டர்கள் உள்ளன. செயலியின் இலக்கணத்தை வகுத்தவர்கள் எக்ஸ்0 முதல் எக்ஸ்31 வரை வரிசை எண்ணாலேயே அவற்றை அழைத்தார்கள்; நிரலின் ஒரு பகுதி மற்றொரு பகுதியை அழைக்கும் சம்பிரதாயத்தை வகுத்தவர்களோ, திரும்ப வேண்டிய முகவரியைத் தாங்கும் எக்ஸ்1-ஐ ஆர்ஏ என்றும், ஸ்டாக் என்னும் நினைவக அடுக்கின் முனையைக் காட்டும் எக்ஸ்2-ஐ எஸ்பி என்றும், தொழிலை நோக்கிப் பெயரிட்டார்கள். எக்ஸ்8-க்கோ எஸ்0, எஃப்பி என்று மேலும் இரண்டு நாமங்கள். வன்பொருளை ஆராய்பவருக்கு எண் பிரதானம். நிரல் எழுதுபவருக்குத் தொழில் பிரதானம்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் எழுதி, இன்றளவும் உலகெங்கும் வழங்கிவரும் ஜிடிபி என்னும் டிபக்கரை எடுத்துக்கொள்வோம். அதில் டாலர் குறியிட்டு எழுதும் பெயர் ஒரு ரிஜிஸ்டரின் பெயராக இருந்தால் அந்த ரிஜிஸ்டரைக் குறிக்கும். இல்லையேல், பயனர் தம் வசதிக்காகப் படைத்துக்கொண்ட தற்காலிக மாறியாகவே கொள்ளப்படும். ஆகவே, கருவி அறியாத ஒரு நாமத்தைச் சொல்லி அதில் 5 என்று இடச் சொன்னால், எவ்வித ஆட்சேபமும் எழாமல் புதிய மாறி ஒன்று தோன்றி அந்த 5-ஐ ஏற்றுக்கொள்ள, உண்மையான ரிஜிஸ்டர் பழைய மதிப்போடு அப்படியே இருந்துவிடும். மாற்றிவிட்டோம் என்று நம்பி மேலே செல்கிறவர், குற்றமற்ற நிரலில் குற்றம் தேடி மணிக்கணக்கில் அலைய நேரிடும். பெயர் தெரியாத கடிதத்தை அனுப்பியவருக்கே திருப்பிவிடும் தபால்காரரின் நேர்மை இங்கே இல்லை. ஆயினும், ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கான ஜிடிபியில் எண்ணாலான பெயர்களும் தொழிலாலான பெயர்களும் ஒருங்கே ஏற்கப்படுவது போற்றத்தக்கது.

பல நாமங்களை ஏற்பதே குழப்பத்துக்கு வித்தாகாதா என்று கேட்பாருண்டு. அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. மிப்ஸ் செயலிகளில், ஓ32 என்னும் பழைய சம்பிரதாயப்படி டி0 என்பது 8-ஆம் ரிஜிஸ்டர். பின்வந்த என்64 சம்பிரதாயப்படியோ அதே டி0 12-ஆம் ரிஜிஸ்டராகும். இன்டல் வழிவந்த செயலிகளிலோ, ஆர்ஏஎக்ஸ், இஏஎக்ஸ், ஏஎக்ஸ் என்பவை ஒரே பொருளின் பரியாய நாமங்கள் போலத் தோன்றினாலும், முறையே 64 பிட் முழுமையையும், அதன் கீழ்ப்பகுதியான 32 பிட்டையும், 16 பிட்டையும் குறிப்பவை. 64 பிட் முறையில் இஏஎக்ஸில் எழுதினால் மேற்பாதி பூஜ்யமாகும், ஏஎக்ஸில் எழுதினாலோ எஞ்சிய பாகம் மாறாது. இவற்றால் பெறப்படுவது, நாமங்களை விலக்க வேண்டும் என்பதன்று. எந்தச் சம்பிரதாயத்தில் எழுந்த நிரல் என்பதையும், மறுபெயர் எது, பாகத்தின் பெயர் எது என்பதையும் பகுத்தறிந்து கருவி ஏற்க வேண்டும் என்பதே.

பாடநூல் ஒரு பெயரையும் செயலியின் கையேடு மற்றொரு பெயரையும் சொல்ல, இரண்டுக்கும் நடுவில் திகைக்கும் மாணவருக்கு, ரிஜிஸ்டர்களின் பட்டியலிலேயே இருவகைப் பெயர்களையும் அருகருகே காட்டுவது பெரும் உபகாரமாகும். நம் தேசத்திலும் புதிய செயலிகள் உருவாகிவரும் இக்காலத்தில், அவற்றுக்கு டிபக்கர் அமைப்பவர்கள் நாமங்களின் அட்டவணையைக் கடைசியில் ஒட்டவைக்கும் அலங்காரமாகக் கருதாமல் தொடக்கத்திலேயே சேர்த்து, ஒரு நாமத்தின் வழியே எழுதிய மதிப்பை மற்றொரு நாமத்தின் வழியே படித்து இரண்டும் ஒன்றே என்று சோதித்த பின்னரே கருவியைப் பிறர் கையில் தர வேண்டும்.