அறுத்தெடுத்த துணுக்கு யாருடையது?

குடலில் புற்று கண்டவருக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் டாக்டர் கட்டியை மட்டும் நீக்குவதில்லை. இருபுறமும் நோயற்ற குடலையும் ஓரளவு சேர்த்தே எடுக்கிறார். நுண்ணோக்கியில் சோதித்தறிந்த பின், எஞ்சியது நெருப்புக்கு இரையாவதே நெடுநாளைய வழக்கம். இன்றோ, அந்த எச்சத்தில் ஒரு துணுக்கு ஆய்வுக்கூடம் சென்று உயிரோடு வளர்கிறது!

குடலின் உட்சுவர் சில நாட்களுக்கொரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இயல்புடையது. அச்சுவரில் உள்ள நுண்ணிய குழிகளின் அடியில் உறையும் மூல உயிரணுக்களே அப்பணியை ஆற்றுகின்றன. ஹாலந்து நாட்டு உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் 2007-இல் அவற்றை அடையாளங் கண்டனர். 2009-இல் அதே கூடத்தில் தோஷிரோ சாட்டோ என்னும் ஜப்பானியர், சுண்டெலியின் ஒற்றை மூல உயிரணுவிலிருந்து சின்னஞ்சிறு குடலுருவை வளர்த்துக் காட்டினார். 2011-இல் மனிதத் திசுவிலும் அது கைகூடிற்று.

திசுவிலிருந்து குழிகளைப் பிரித்துப் பசையொன்றில் பதித்து, வளர்ச்சிப் புரதங்கள் கலந்த ஊட்டநீரை வார்க்கின்றனர். (அப்பசை எலியின் கட்டியிலிருந்து பெறப்படுவது வழக்கம் என்பதையும் மறைப்பதற்கில்லை.) சில நாட்களில் உள்ளீடற்ற சிறு உருண்டைகள் தோன்றுகின்றன. 'ஆர்கனாய்டு' எனப்படுபவை இவையே. நரம்பில்லை, தசையில்லை, இரத்தக் குழாயில்லை; ஆகவே இதனைச் செயற்கைக் குடல் என்பது மிகை.

பயனோ பெரிது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயுற்றவரின் மலக்குடல் துணுக்கில் வளர்ந்த உருண்டைகள், தூண்டினாலும் மற்றவருடையவை போல் நீர் கோத்து வீங்குவதில்லை. ஏற்ற மருந்து பட்டால் வீங்குகின்றன. 2013-இல் வெளியான இச்சோதனையால், விலைமிகு மருந்து ஒருவருக்குப் பலிக்குமா என அவர் விழுங்குமுன்பே கணிக்க வழி பிறந்தது.

ஆயினும் ஒன்றுண்டு. அவ்வுருண்டை ஒவ்வொன்றும் உரியவரின் மரபுக் குறிப்பு முழுவதையும் தாங்கி நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் உறைய வைக்கலாம், கைமாற்றலாம், விற்கலாம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1951-இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியின் புற்றணுக்களை அவரைக் கேளாமலே எடுத்து வளர்த்தனர். உலகெங்கும் அவை விலைபோயின. குடும்பத்தார்க்கோ இருபது ஆண்டுகளுக்கு மேல் சேதியே தெரியாது. அவர் வாரிசுகளோடு ஒரு நிறுவனம் உடன்பாடு கண்டது 2023-இல்தான்.

உடலை அமானத்தாகக் கருதி, நகத்தையும் முடியையும்கூட மண்ணில் புதைத்த மூத்தோரைக் கண்டவர்கள் நாம். பிறர் பிணி தீர ஒருவர் மனமுவந்து ஈவதை யாரே குறை கூறுவர்? கேளாது எடுப்பதே குறை. கேட்பதிலும் முறையுண்டு. மயக்க மருந்துக்கு முந்திய பரபரப்பில் புரியாத மொழிப் படிவத்தை நீட்டிக் கையெழுத்துப் பெறுவது கேட்டதாகாது. துணுக்கு எங்கே போகும், விற்கப்படுமா, மறுத்தால் சிகிச்சை குறையுமா என்பவற்றை நோயாளியின் சொந்த மொழியில் அமைதியாய் உட்கார்ந்து உரைத்திடல் வேண்டும். ஈந்தவர் பின்னர் மனம் மாறினால், உறைகலத்தில் உள்ளதை அழிக்கலாம். பிற கூடங்களுக்குப் பிரித்தனுப்பியவற்றைத் திரும்பப் பெறுவது அரிது. அதனையும் கையெழுத்துக்கு முன்பே சொல்லியாக வேண்டும்.