தனித்துப் போன அமைச்சர்



ஊரோடு ஒத்துப்போகாதவரைத் துரோகி என்று சொல்ல நமக்கு அதிக நேரம் எடுப்பதில்லை. அப்படிச் சொல்லுமுன் பெல்ஜியத்தின் லிபரல் கட்சிக்காரர் மார்செல்-ஆன்றி ஜஸ்பாரை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

1940 ஜூனில் ஜேர்மனியிடம் பிரான்ஸ் வீழ்ந்தது. அங்கே தஞ்சம் புகுந்திருந்த பெல்ஜிய அரசாங்கம், இனிப் போராடிப் பயனில்லை என்று சோர்ந்துபோனது. சுகாதார அமைச்சராக இருந்த ஜஸ்பார், அனுமதி கேட்காமலே லண்டன் போனார். ஜூன் 23 அன்று பிபிசி வானொலியில், போராட்டம் தொடரும் என்று தன் மக்களுக்குச் சொன்னார். சக அமைச்சர்கள் உடனே அவரது பதவியைப் பறித்தார்கள்.

அவரிலும் பிழை இருந்தது. கமில் ஹைஸ்மன்ஸோடு சேர்ந்து போட்டி அரசாங்கம் அமைக்கப் பார்த்தார். பிரித்தானியா அதை ஏற்கவில்லை. ஆனால் நான்கே மாதத்தில் பிரதமர் பியர்லோவும் வெளிநாட்டமைச்சர் ஸ்பாக்கும் அதே லண்டனுக்கு வந்து, போரைத் தொடர்ந்தார்கள்.

அதன்பின் ஜஸ்பார் கோபித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. லண்டனில் இயங்கிய செக்கோஸ்லோவாக்கிய அரசிடம் பெல்ஜியத்தின் தூதராகப் பணியாற்றினார். பிற்காலத்தில் பாரிஸிலும் தூதுவரானார்.

அவர் போன முறை பிழை, எடுத்த முடிவு சரி. நம்மிடையே ஒருவர் முரண்படும்போது இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்போம். அவர் திரும்பி வர ஒரு வாசலையும் திறந்தே வைப்போம்.