சிஸ்டர் பள்ளிக்கூடமும் நம் வீட்டுப் பிள்ளைகளும்



2025 ஆகஸ்ட் 26 அன்று, முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நகர்ப்புறங்களிலுள்ள 2,429 அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. தொடக்க விழா நடந்த இடம் சென்னை மயிலாப்பூரின் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளி. அதற்கு ஓராண்டு முன்பு, 2024 ஜூலை 15 காமராசர் பிறந்த நாளன்று, கிராமப்புறங்களிலுள்ள 3,995 உதவிபெறும் பள்ளிகளுக்கு இதே திட்டம் வழங்கப்பட்டபோது, விழா நடந்தது திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியின் புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில். இரண்டுமே கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த சிறிய பள்ளிகள்.

செய்தியைப் படித்தவர்கள் உப்புமாவையும் பொங்கலையும் பற்றிப் பேசிவிட்டுக் கடந்துபோயினர். நாம் சற்று நின்று யோசிக்க வேண்டிய செய்தி இது. ஏனெனில் இத்தகைய பள்ளிகளின் தரையில் வரிசையாக அமர்ந்து காலை உணவு உண்ணும் பிள்ளைகளில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஃபாத்திமாவும் ஸ்டெல்லாவும் கவிதாவும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டு, ஒரே குழாயில் கை கழுவி, ஒரே மணிக்கு வகுப்பறைக்குள் நுழைகிறார்கள். அந்தப் பிள்ளைகளை அங்கே அனுப்பிய நாம், அந்தப் பள்ளியோடு எத்தகைய உறவை வைத்திருக்கிறோம் என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி.

தாராபுரத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் எடுத்துக்கொள்வோம். அமராவதிப் பாசனத்தை நம்பிய வேளாண்மை ஒருபுறம், திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளை நம்பிய கூலிவாழ்வு மறுபுறம். விடியற்காலையிலேயே வேலைக்குப் புறப்படும் தாய்மார்களின் வீடுகளில், பிள்ளைக்குக் காலை உணவு கொடுத்து அனுப்புவதே பெரும் பாடு. தள்ளுவண்டி வியாபாரிக்கும், இறைச்சிக்கடைத் தொழிலாளிக்கும், தையல்காரருக்கும் ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் பள்ளிகள் எட்டாதவை. இத்தகைய குடும்பங்களுக்கு, நடந்துபோகும் தொலைவில், ஆசிரியர்களுக்கு அரசு ஊதியம் வழங்கும் உதவிபெறும் பள்ளி பேருதவியாக அமைகிறது. ஊர் மக்கள் அதைச் 'சிஸ்டர் பள்ளிக்கூடம்' என்றே அழைக்கிறார்கள்.

அங்கு நடப்பவற்றில் பெரும்பகுதி எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் நடப்பவைதாம். காலைக் கூட்டம், தமிழ்த்தாய் வாழ்த்து, வருகைப் பதிவு, 'எண்ணும் எழுத்தும்' பாடங்கள், நண்பகலில் முட்டையோடு சத்துணவு, மாலையில் வாயிலில் காத்திருக்கும் பாட்டிமார். உணவைப் பொறுத்தவரை ஹலால் குறித்த கவலைக்கு இடமில்லை. காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். நண்பகலில் சோறும் முட்டையும். என்றேனும் விழா நாளில் பிரியாணி வழங்கப்பட்டால், கறி எங்கே வாங்கியது என்று ஒரு பெற்றோர் பணிவாகக் கேட்டறிந்தால் போதும். வேறுபாடு தோன்றும் இடங்கள் சிலவே. காலைச் செபம், சிலுவை அடையாளம், டிசம்பரில் குடில், கிறிஸ்துமஸ் நாடகம். அந்தச் சில இடங்களே நம் ஜமாஅத்துகளில் விவாதமாகின்றன.

விவாதத்தில் இரண்டு குரல்களைக் கேட்கிறோம். "அங்கே சேர்த்தால் பிள்ளையின் ஈமான் என்னாகும்?" என்று அஞ்சுவது ஒரு குரல். "நன்றாகச் சொல்லித் தருகிறார்கள், ஒழுக்கமாக வளர்க்கிறார்கள், மற்றதெல்லாம் எதற்கு?" என்று பிள்ளையைப் பள்ளி வாயிலில் விட்டதோடு கடமை முடிந்ததெனக் கருதுவது மறு குரல். முதல் குரலிலுள்ள அக்கறை மெய்யானது. அதை நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. இரண்டாம் குரலிலுள்ள நன்றியுணர்வும் மெய்யானது. ஆனால் இரண்டு குரல்களுமே பெற்றோரின் பொறுப்பைப் பள்ளியின் தலையில் சுமத்துகின்றன. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஈமானைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். அதைக் கொடுக்காத குற்றத்தைப் பள்ளியின் காலைச் செபத்தின் மீது ஏற்றுவது நியாயமாகாது.

இவ்விடத்தில் நம் வரலாறு தெளிவான முன்மாதிரி ஒன்றைத் தருகிறது. நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில், மக்காவின் கொடுமையைத் தாங்க முடியாத தோழர்களை நபி (ஸல்) அவர்கள் அபிசீனியாவுக்கு அனுப்பினார்கள். அந்நாட்டை ஆண்டவர் கிறிஸ்தவரான நஜ்ஜாஷி மன்னர். அவரிடம் எவரும் அநீதிக்குள்ளாக மாட்டார்கள் என்பதே அந்நாட்டைத் தேர்ந்ததற்குக் காரணம். குறைஷியரின் தூதர்கள் பின்தொடர்ந்து வந்து அகதிகளைத் திருப்பிக் கேட்டபோது, ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரழி) அவர்கள் அரசவையில் மர்யம் அத்தியாயத்தின் வசனங்களை ஓதிக்காட்டினார்கள். மன்னர் கண்ணீர் சிந்தினார்.

நாம் மேடைகளில் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். மறுநாள் நடந்ததே நமக்கு அதிகம் தேவையானது. ஈஸா (அலை) அவர்களைப் பற்றி இவர்கள் சொல்வதைக் கேளுங்கள் என்று குறைஷித் தூதர் மன்னரைத் தூண்டிவிட்டார். அடைக்கலம் கொடுத்தவரின் மனம் புண்படுமே என்று தோழர்கள் நம்பிக்கையை மறைக்கவில்லை. ஈஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர் என்று ஜஅஃபர் (ரழி) அவர்கள் அவையிலேயே எடுத்துரைத்தார்கள். சொன்ன முறையில் மரியாதை இருந்தது. சொன்ன பொருளில் மழுப்பல் இல்லை. மன்னரும் அவர்களைக் கைவிடவில்லை. பிற்காலத்தில் அம்மன்னர் மறைந்த செய்தி வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் அவருக்காக ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள்.

பிறருடைய நிழலில் வாழும்போது நன்றியும் உண்மையும் ஒருங்கே இருக்க முடியும் என்பதே இதன் பாடம். சிஸ்டர் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோருக்கு இதைவிடப் பொருத்தமான வழிகாட்டல் வேண்டுமா?

வீட்டில் இது எவ்வாறு நடைமுறையாகும்? ஒரு நாள் பிள்ளை வந்து, "அத்தா, மிஸ் ஏசு சாமின்னு சொல்றாங்க. நீங்க நபின்னு சொல்றீங்களே?" என்று கேட்கும். கேட்கத்தான் வேண்டும், அது சிந்திக்கும் பிள்ளை. அந்நேரத்தில் பள்ளியைத் திட்டுவதும் தவறு, "போய்ப் படி" என்று விரட்டுவதும் தவறு. மிஸ் அவர்களுடைய நம்பிக்கையைச் சொல்கிறார்கள், நாம் ஈஸா (அலை) அவர்களை அல்லாஹ்வின் நபி என்று நம்புகிறோம், அவர்களை நேசிக்கிறோம், ஆனால் அல்லாஹ்வை மட்டுமே வணங்குகிறோம் என்று அமைதியாகச் சொல்லலாம். திருக்குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட ஒரே பெண்மணி மர்யம் (அலை) அவர்கள் என்பதையும், அவர்கள் பெயரிலேயே 98 வசனங்கள் கொண்ட ஓர் அத்தியாயம் இருப்பதையும் சொல்லிக்கொடுக்கலாம். அந்தப் பிள்ளை மறுநாள் வகுப்பில் குழம்பாமல் அமரும். தோழி ஸ்டெல்லாவோடு சண்டையிடவும் செய்யாது.

இந்தப் பதிலைச் சொல்ல வேண்டுமென்றால் அத்தாவுக்கும் அம்மாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மாலை மக்தப் மத்ரஸாவுக்குப் பிள்ளையைத் தவறாமல் அனுப்ப வேண்டும். உஸ்தாதுமார்களும், பள்ளியில் பிள்ளைகள் என்ன காண்கிறார்கள், எதைக் கேட்கிறார்கள் என்பதை அறிந்து பாடம் நடத்த வேண்டும். எழுத்தை ஓதக் கற்றுக்கொடுத்தால் மட்டும் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்காது.

அடுத்து, நம் உரிமையை நாம் சரியாக அறிந்திருக்க வேண்டும். இந்திய அரசியலமைப்பின் 28(3) பிரிவு, அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் பயிலும் எவரையும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. சிறார் என்றால் பாதுகாவலரின் இசைவு வேண்டும். 29(2) பிரிவு, மதம், சாதி, மொழி காரணமாக மட்டும் உதவிபெறும் நிறுவனத்தில் எவருக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது.

கத்தோலிக்கத் தரப்பும் இதை உணர்ந்தே இருக்கிறது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2024ஆம் ஆண்டு தன் பள்ளிகளுக்கு வெளியிட்ட வழிகாட்டல்களில், பிற சமய மாணவர்கள் மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்கக் கூடாது என்றும், காலைக் கூட்டத்தில் அரசியலமைப்பின் முகப்புரையை மாணவர்கள் வாசிக்க வேண்டும் என்றும் கூறியுள்ளது. ஆகவே, "என் பிள்ளை செபத்தின்போது அமைதியாக நிற்பாள், சிலுவை அடையாளம் இடமாட்டாள்" என்று ஒரு தாய் தலைமை ஆசிரியையிடம் சொல்வது சண்டைக்கான காரணம் ஆகாது. அது சட்டம் ஏற்றது, அவர்களுடைய திருச்சபையும் ஏற்றது.

சொல்லும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. ஆண்டின் தொடக்கத்திலேயே நேரில் சென்று, ஸலாமத்தான முகத்தோடு, தேவையானவற்றை மட்டும் சொல்ல வேண்டும். நாடகத்தில் எந்த வேடம் நம் பிள்ளைக்கு உகந்தது, எது உகந்ததன்று. ரமளானில் ஆசைப்பட்டு நோன்பு வைக்கும் சிறுமி உணவு வேளையில் எங்கே அமர்வாள். பெருநாள் விடுப்பு எப்போது. இவை அனைத்தும் ஐந்து நிமிட உரையாடலில் தீர்பவை. பத்து மாதங்கள் வாய்மூடியிருந்துவிட்டு, ஏதேனும் நடந்தபின் வாட்ஸ்அப் குழுவில் ஒலிப்பதிவு போட்டு ஊரைத் திரட்டுவது நம் தீனுக்கும் அழகன்று, பிள்ளைக்கும் நன்மையன்று. மறுநாள் அதே ஆசிரியையின் முன்னே போய் அமர வேண்டியது அந்தப் பிள்ளைதான்.

உரிமையைக் கேட்கும் நாம், கொடுப்பவர்களாகவும் இருக்கிறோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தொடங்கப்பட்டது. திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் 1951இல் தோன்றின. இவற்றில் பிற சமய மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்து வெளியேறியுள்ளனர். நம் சமுதாயம் நடத்தும் தொடக்கப் பள்ளிகளிலும் பிற சமயக் குழந்தைகள் இருக்கிறார்கள். அங்கே ஓர் இந்துத் தாயோ கிறிஸ்தவத் தந்தையோ இதே போன்ற வேண்டுகோளோடு வந்தால், நாம் எதிர்பார்க்கும் அதே முகமலர்ச்சி அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். தனக்கு விரும்புவதைப் பிறருக்கும் விரும்பச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

இதில் இன்னொரு கோணமும் உண்டு. சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை 30(1) பிரிவு நமக்கும் அவர்களுக்கும் ஒன்றாகவே தந்திருக்கிறது. 1974இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்த புகழ்பெற்ற வழக்கு, அகமதாபாத்தின் புனித சவேரியார் கல்லூரி தொடுத்தது. அந்தத் தீர்ப்பின் பயனை முஸ்லிம் கல்லூரிகளும் அனுபவிக்கின்றன. 2025 செப்டம்பர் 1 அன்று, பணியிலுள்ள ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வின் பரிசீலனைக்கு விட்டது. அவ்வழக்கில் மனுதாரர் மகாராஷ்டிரத்தின் முஸ்லிம் கல்வி அறக்கட்டளை ஒன்று. அதன் முடிவை எதிர்நோக்கிக் காத்திருப்போரில் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பள்ளிகளும் உள்ளன. ஒருவர் கூரை ஒழுகினால் மற்றவர் வீடும் நனையும் நிலையில் இருவரும் இருக்கிறோம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வசதி சற்றே கூடியதும், சிறிய தமிழ்வழிப் பள்ளியிலிருந்து பிள்ளையை எடுத்து, வேன் வரும் ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பது இன்று வழக்கமாகிவிட்டது. எவரையும் நாம் குறை கூறவில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் வெளியேறும்போது அப்பள்ளியின் மாணவர் எண்ணிக்கை குறைகிறது; எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறைகிறது; பணியிடம் குறைந்தால் மிஞ்சியிருக்கும் ஏழைப் பிள்ளைகளின் படிப்பு நலிகிறது. வெளியேற முடியாமல் அங்கே மிஞ்சுபவர்களில் நம் யதீம்களும் நம் தெருவின் விதவைத் தாய்மார்களின் பிள்ளைகளும் இருப்பார்கள். எனவே பிள்ளை அங்கே படித்தாலும் படிக்காவிட்டாலும் அப்பள்ளியின் நலனில் நம் ஜமாஅத்துக்கு அக்கறை இருக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்குத் தவறாமல் செல்லலாம். குடிநீர்த் தொட்டியோ கழிப்பறைக் கதவோ பழுதென்றால் ஒரு கை கொடுக்கலாம். பெருநாளன்று ஆசிரியைகளுக்கும் சிஸ்டர்களுக்கும் சத்துணவு சமைக்கும் அம்மாவுக்கும் ஒரு தூக்குச் சட்டி பிரியாணி கொடுத்தனுப்பலாம்.

பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், ஆளுக்குப் பத்துச் சிறுவர்களுக்கு எழுத்தறிவித்தால் விடுதலை பெறலாம் என்று நபி (ஸல்) அவர்கள் விதித்ததை ஸீரா நூல்கள் பதிவு செய்துள்ளன. வாளேந்தி வந்தவரிடமிருந்தே கல்வியைப் பெறத் தயங்காத உம்மத்து நாம். அன்போடு நம் பிள்ளையின் விரல் பிடித்து 'அ' எழுதக் கற்றுத்தரும் ஆசிரியையிடம் நன்றியோடும், தெளிவான ஈமானோடும், திறந்த பேச்சோடும் பழகுவதில் நமக்குத் தயக்கம் எதற்கு?

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியையும், அவர்களுக்குக் கற்பிப்போருக்கு நற்கூலியையும் நேர்வழியையும், நமக்குப் பொறுப்புணர்வையும் தந்தருள்வானாக. ஆமீன்.